பட்டியல், கடன், காணி: சபை நீதியைத் தேடும் வழி

(குடும்பமாகவோ சிறு குழுவாகவோ இருந்து படிப்பதற்கான பாடம். முதலில் வாசிக்க வேண்டிய வேதபகுதிகள்: அப்போஸ்தலர் நடபடிகள் 6:1-7, நெகேமியா 5:1-13, 1 இராஜாக்கள் 21:1-16.)

ஓர் ஊர் இடம்பெயர்ந்து வரும்போது ஆலயத்தின் கதவு திறக்கப்படுகிறது. மண்டபத்தில் பாய் விரிக்கப்படுகிறது. கிடாரத்தில் கஞ்சி காய்ச்சப்படுகிறது. பிள்ளைகளுக்குப் பால்மாவும் முதியோருக்குப் போர்வையும் தேடப்படுகின்றன. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, தேவாலயங்களும் கோவில்களும் பாடசாலைகளும் இவ்வாறே திறந்தன. இந்தச் சேவையை எவரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. பசித்தவருக்கு முதலில் உணவு.

ஆனால் கஞ்சி ஊற்றி நாலைந்து வாரம் சென்றதும் வேறு கேள்விகள் எழுகின்றன. நிவாரணப் பட்டியலில் இந்தக் குடும்பத்தின் பெயர் ஏன் இல்லை? போன போகத்துக்கு வாங்கிய விதைநெல் கடனை யார் கட்டுவது? விட்டு வந்த வயலை இப்போது யார் ஆளுகிறார்கள்? இக்கேள்விகளுக்குக் கஞ்சி பதில் சொல்லாது. சேவை இன்றைய பசியைப் பார்க்கிறது. அதே பசி அதே வீட்டுக்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று நீதி கேட்கிறது. சபைக்கு இரண்டும் வேண்டும்.

இந்தப் பாடத்தில் பட்டியல், கடன், காணி என்ற மூன்று விடயங்களை எடுத்துக்கொள்கின்றோம். மூன்றிலும் ஒரே உண்மையைக் காணலாம். பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறந்து பேசும்போது நீதி தொடங்குகிறது. சபை அதைச் சபை நடுவில் கேட்கும்போது அது வளர்கிறது. பொறுப்பு அவர்களுடைய கைக்கே வரும்போது அது நிலைக்கிறது.

1. பட்டியல்

எருசலேமில் முதற் சபை நாளாந்தம் விதவைகளுக்கு உணவு பங்கிட்டு வந்தது. அச்சபையில் இரண்டு வகையானோர் இருந்தனர். ஒரு சாரார் உள்ளூர் மொழி பேசியவர்கள். மறு சாரார் வெளியூர்களில் வாழ்ந்து, கிரேக்கம் பேசிப் பழகி, பின்னர் எருசலேமில் வந்து குடியேறியவர்கள். பிந்தியவர்களின் விதவைகள் பந்தியில் தவறவிடப்பட்டனர். ஊர் புதிது, பேச்சு வேறு, பக்கத்தில் நின்று பேசுவதற்கு உறவினர் குறைவு. இடம்பெயர்ந்த எமக்கு இந்த நிலையை விளக்கத் தேவையில்லை.

அப்போது முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் செய்தவற்றை ஒவ்வொன்றாகக் கவனிப்போம்.

முதலாவது, முறைப்பாடு செய்தவர்களை நன்றியற்றவர்கள் என்று அவர்கள் அதட்டவில்லை. கிடைத்ததைக் கொண்டு திருப்திப்படுங்கள் என்றும் சொல்லவில்லை.

இரண்டாவது, அறைக்குள் இருந்து தாங்களாக ஒரு தீர்வை எழுதவில்லை. சீஷர் கூட்டம் முழுவதையும் வரவழைத்தனர்.

மூன்றாவது, ஏழு பேரைத் தெரிவு செய்யும் பொறுப்பை மக்களிடமே கொடுத்தனர். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகிய ஏழும் கிரேக்கப் பெயர்கள். அக்காலத்தில் உள்ளூர் யூதர் சிலருக்கும் கிரேக்கப் பெயர் இருந்தது உண்மையே. ஆயினும், தவறவிடப்பட்ட பகுதியாரிடமிருந்தே பெரும்பாலும் இவர்கள் தெரியப்பட்டிருக்க வேண்டும் என்பது வேத அறிஞர் பலருடைய கருத்து. அதாவது, யாருக்குப் பங்கு கிடைக்காமற் போனதோ அவர்களுடைய ஆட்களின் கையிலேயே பங்கிடும் பொறுப்பு கொடுக்கப்பட்டது.

எமது ஊர்களில் அந்த விதவைகள் யார்? கணவன் காணாமற் போய், மரணச் சான்றிதழும் இல்லாமல், குடும்பத் தலைவி என்று பதிய முடியாமல் நிற்கும் பெண். சொந்தக் காணி இல்லாதபடியால் வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியாத கூலிக் குடும்பம். 1977 இன் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, பல்லாண்டு உழுதும் பத்திரம் கையில் இல்லாத குடும்பம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, திரும்பி வந்தபோது தங்கள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லாததைக் கண்ட முஸ்லிம் குடும்பம். இவர்களில் பலர் எமது சபையினர் அல்லர். ஆனால் எமது சபையினருக்கு மட்டும் பார்க்கும் பட்டியல் நீதியான பட்டியல் ஆகாது.

ஆகவே நிவாரணம் கொடுக்கும் எந்தச் சபையும் பொருளை எண்ணுவதற்கு முன் ஆட்களை எண்ண வேண்டும். பட்டியலை ஆலய வாசலில் ஒட்ட வேண்டும். விடுபட்டவர் சொல்வதற்கு ஒரு வாரம் கொடுக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தை எழுதுவோரில் பாதிப்பேராவது நிவாரணம் பெறுவோராக இருக்கட்டும். அவர்களில் பெண்களும் இருக்கட்டும்.

2. கடன்

நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு கூக்குரல் கேட்டது. மக்களோடு அவர்களுடைய மனைவிமாரும் சேர்ந்து முறையிட்டார்கள் என்று வேதாகமம் தெளிவாகக் கூறுகிறது. அவர்கள் சொன்னவை மூன்று. பிள்ளைகள் பலர், தானியம் இல்லை. பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் ஈடு வைத்துவிட்டோம். ராஜாவின் வரியைக் கட்டக் கடன்பட்டோம். இப்போது பிள்ளைகளையே அடிமைப்படுத்த வேண்டியிருக்கிறது. கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்லர். அதே இனத்தவர், அதே தேவனைத் தொழுதவர்கள்.

நெகேமியாவுக்குக் கோபம் வந்தது. அவர் கோபத்தோடு ஓடிப்போய்ப் பேசவில்லை. முதலில் தனக்குள் ஆலோசித்தார். பின்னர் பிரபுக்களையும் அதிகாரிகளையும் கண்டித்து, பெரிய சபையைக் கூட்டினார். தானும் தன் சகோதரரும் பணமும் தானியமும் கடன் கொடுத்திருப்பதை அந்தச் சபையில் வெளிப்படையாகச் சொன்னார். வயல்களையும் தோட்டங்களையும் வீடுகளையும், வாங்கிய நூற்றுக்கு ஒரு பங்கு வட்டியையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கக் கேட்டார். கொடுப்போம் என்றவர்களை ஆசாரியருக்கு முன்பாக ஆணையிடவும் செய்தார். வெறும் வாய்ச்சொல்லில் விடவில்லை.

இதில் எமக்கு ஒரு கூர்மையான பாடம் உண்டு. வட்டிக்குக் கொடுப்பவர் ஆலயத்தின் முன்வரிசையிலேயே இருக்கலாம். இடம்பெயர்ந்தவரின் வயலை அற்ப குத்தகைக்கு எடுத்தவரும், முகாம் பெண்களுக்கு ஊர்ப் பெண்களைவிடக் குறைந்த நாட்கூலி கொடுப்பவரும் அங்கே இருக்கலாம். வெளியிலுள்ள அநீதியைப் பற்றிப் பேசுவது சபைக்கு எளிது. உள்ளேயுள்ள கடன் புத்தகத்தைத் திறப்பதே கடினம். நெகேமியா அங்கிருந்துதான் தொடங்கினார்.

வடக்குக் கிழக்கில் யுத்தம் முடிந்தபின் கிழமைக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து பணம் அறவிடும் நுண்கடன் பெருகியது. ஒரு கடனைக் கட்ட மறு கடன் எடுத்து, அதைக் கட்டத் தாலிக்கொடியை அடகு வைத்த பெண்கள் பலர். 2018 இல் அரசாங்கம், வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, கட்ட முடியாது நின்ற பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அறிவிக்கும் அளவுக்கு அத்துன்பம் முற்றியது. கடன் தள்ளுபடி மூச்சுவிட இடம் கொடுக்கும். அடுத்த போகத்துக்கு விதையும் உரமும் வாங்கப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அப்படியே இருக்கும். இதற்குக் கனடாவின் கரையோரக் கிராமங்கள் கண்ட விடை ஒன்றைப் பார்ப்போம்.

ஒரு கரையோரத்தின் அனுபவம்

கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோசியா என்ற மாகாணம் உண்டு. 1920களில் அங்குள்ள மீனவரும் சிறு விவசாயிகளும் மிகவும் நலிந்திருந்தனர். பிடித்த மீனுக்கும் இறாலுக்கும் வாங்குபவர் சொன்னதே விலை. வலையும் மாவும் எண்ணெயும் அதே முதலாளியின் கடையில் கடனுக்கு. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் மீனவர் பக்கம் கடனே மிஞ்சும்.

1922 இல் ஜிம்மி ரொம்ப்கின்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர், அன்ரிகோனிஷ் நகரிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகத்திலிருந்து கான்சோ என்னும் மீனவப் பங்குக்கு அனுப்பப்பட்டார். அவர் அங்கே தர்மம் கொடுப்பதோடு நிற்கவில்லை. உங்கள் மீனுக்கு இந்த விலை ஏன் என்று மக்களிடமே கேட்டார். விடை தேட வாசிக்கக் கொடுத்தார். 1927 யூலை 1 இல் கனடா தன் 60 ஆவது ஆண்டைக் கொண்டாடியது. கான்சோ மீனவர்களோ, கொண்டாடுவதற்கு எமக்கு என்ன இருக்கிறது என்று ஒன்றுகூடிப் பேசினார்கள். அவர்களுடைய குரலைக் குருமார் எடுத்துச் சென்றனர். மீன்பிடித் தொழிலை ஆராய அரசாங்கம் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. 1928 இல் பல்கலைக்கழகம் மக்கள் கல்விக்கென ஒரு பிரிவைத் தொடங்கி, மோசஸ் கோடி என்ற குருவானவரை அதற்குப் பொறுப்பாக்கியது.

அவர்களுடைய முறை மிக எளிது. முதலில் ஊர் முழுவதற்கும் ஒரு கூட்டம். பின்னர் அயலவர் சிலராகச் சேர்ந்து, கிழமைக்கு ஒரு தடவை ஒருவர் வீட்டுக் குசினியில் கூடும் படிப்பு வட்டம். எழுத்து வாசனை குறைந்தவருக்கு மற்றவர் வாசித்துக் காட்டுவார். பேச்சு எப்போதும் தங்கள் தொழிலைப் பற்றியதே: விலை யார் தீர்மானிக்கிறார், வட்டி எவ்வளவு, நாம் சேர்ந்து எதைச் செய்யலாம்? படிப்பு ஒரு செயலில் முடிய வேண்டும் என்பது விதி. லிற்றில் டோவர் என்ற ஏழைக் கிராமத்தவர்கள், தாமே மரம் தறித்து, தம் உழைப்பாலும் சிறு கடனாலும் இறால் பதனிடும் ஆலையொன்றைக் கட்டினார்கள். 1930 இல் மீனவர் ஒன்றியம் உருவானது. 1932 இல் மாகாணச் சட்டசபை கடன் கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டத்தை இயற்றியது. 1930களின் முடிவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிப்பு வட்டங்கள் இயங்கின.

இச்சங்கங்கள் யாவும் நிலைத்தன என்று சொல்ல முடியாது. சில பின்னாளில் முறிந்தன. ஆனால் எமக்கு வேண்டியது அவர்கள் தொடங்கிய விதம். குருவானவர் கடையை நடத்தவில்லை. கணக்குப் பெட்டியை வைத்திருக்கவும் இல்லை. மக்கள் படித்தார்கள், மக்களே நடத்தினார்கள்.

எமது அளவில் ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 குடும்பங்கள் வாரம் 100 ரூபா வீதம் சேமித்தால் 52 வாரத்தில் 52,000 ரூபா சேரும். அதிலிருந்து ஒருவர் 10,000 ரூபாவை மாதம் நூற்றுக்கு ஒரு ரூபா வட்டிக்கு எடுக்கிறார். மாதம் 1,000 ரூபா முதலோடு, மீதி முதலுக்கு மட்டும் வட்டி கட்டுகிறார். முதல் மாதம் 100, அடுத்த மாதம் 90, பத்தாம் மாதம் 10. மொத்த வட்டி 550 ரூபா. அதே 10,000 ரூபாவைத் தனியாரிடம் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு எடுத்தவர், பத்து மாதத்தில் 10,000 ரூபாவை வட்டியாகவே கட்டியிருப்பார். முதல் அப்படியே நிற்கும்.

நெகேமியா திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் நூற்றுக்கு ஒன்றுதானே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே பசித்தவனின் வட்டி செல்வந்தனின் பைக்குப் போயிற்று, வயலும் போயிற்று. இங்கே 550 ரூபாவும் கட்டியவரும் பங்காளியாயுள்ள பொதுப் பெட்டிக்கே திரும்புகிறது. எவருடைய காணியும் ஈடாக வைக்கப்படுவதில்லை. பட்டினி கிடக்கும் வீட்டுக்கு அந்த ஒரு ரூபாவும் வேண்டாம் என்று குழு தீர்மானித்தால் அது இன்னும் நல்லது.

3. காணி

நாபோத்தின் திராட்சைத் தோட்டம் ஆகாப் ராஜாவின் அரண்மனைக்கு அருகில் இருந்தது. ராஜா விலை பேசினார். மாற்றுக் காணியும் தருவதாகச் சொன்னார். அது பிதாக்களின் சுதந்தரம் என்று நாபோத் மறுத்துவிட்டான். பிறகு நடந்ததைக் கவனியுங்கள். யேசபேல் ராணி படை அனுப்பவில்லை. கடிதம் எழுதி, ராஜாவின் முத்திரையைப் போட்டு அனுப்பினாள். பொய்ச்சாட்சி வைக்கப்பட்டது, விசாரணை போன்ற ஒன்று நடந்தது. நாபோத்தோடு அதே பட்டணத்தில் குடியிருந்த மூப்பரும் பெரியோரும் கடிதத்தில் கண்டபடியே செய்தார்கள். உண்மை தெரிந்த ஊர்ப் பெரியோர் வாய் திறவாதபடியால் காணியும் போயிற்று, உயிரும் போயிற்று. எலியா வந்து பேசியபோது நாபோத் உயிரோடு இல்லை. சபை காலந்தாழ்த்திப் பேசினால் இதுவே நேரும்.

எமது நாட்டில் நல்ல உதாரணமும் உண்டு. கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு மக்கள் 1992 இல் இடம்பெயர்ந்து பெருநிலத்தில் குடியேறினர். யுத்தம் முடிந்த பின்னும் தீவில் கடற்படை இருந்தது. திரும்பிப்போய் வாழ இடம் கிடைக்கவில்லை. 2017 மே மாதம் அவர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்து, 2018 ஏப்ரல் 23 ஆம் திகதி வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தீவுக்குச் சென்று இறங்கி, தங்கள் ஆலயத்தடியில் தங்கினர். பெண்கள் முன்னின்றனர், குருமார் உடன் நின்றனர். மறு மாதமே, அவர்கள் அங்கே தங்குவதற்கு அரசாங்கத் தரப்பு இணங்கியது. 26 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த நீதி அது, முழுமையானதும் அல்ல. ஆயினும், எந்தக் கல்லும் வீசப்படாமல், உரியவர்களே முன்னே செல்ல, திருச்சபை பக்கத்தில் நடந்தது.

எல்லாக் காணிப் பிரச்சினையும் படகில் ஏறித் தீர்வதில்லை. பெரும்பாலானவை கடதாசியில் வெல்லப்படுகின்றன அல்லது தோற்கப்படுகின்றன. ஆகவே பின்வருவனவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

உறுதிக் காணியானால், உறுதி தொலைந்திருந்தாலும் காணிப் பதிவகத்தில் அதன் பிரதியைத் தேடிப் பெறலாம். அரச அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலகத்தின் பேரேட்டில் பதிவு இருக்க வேண்டும். அதில் பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டதா என்று பாருங்கள். பெயர் பதியாமல் அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால், முன்பு மகளுக்கு முன்னர் மகனுக்கே உரிமை சென்றது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் இந்த ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. பெண்பிள்ளைகளுள்ள குடும்பங்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

வேறொருவர் உங்கள் உறுதிக் காணியை 10 ஆண்டுக்கு மேல் ஆண்டு வந்தால், ஆட்சியுரிமை கோர இடமுண்டு. யுத்தத்தினால் வழக்காட முடியாது போனவர்களுக்கென 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. இவற்றுக்குக் காலவரையறை உண்டு. எனவே பொறுத்திராமல் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள்.

அலுவலகம் பதில் சொல்லாவிடில் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். பயனாளிகள் எப்படித் தெரியப்பட்டனர், எமது காணி எந்தக் கட்டளையின்கீழ் எடுக்கப்பட்டது என்றெல்லாம் கேட்கலாம். தமிழில் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலரே அதை எழுத வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் அவர் தம் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

4. ஒரு சபை தொடங்கக்கூடிய ஐந்து வேலைகள்

(அ) மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்தபின் ஒரு மணித்தியாலம் முறைப்பாடு கேட்பதற்கு ஒதுக்குங்கள். சபையார் அல்லாதவரும் வரலாம். சொல்வதை ஒருவர் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டட்டும்.

(ஆ) பத்துக் குடும்பங்களுக்கு ஒரு படிப்பு வட்டம் அமையுங்கள். சேமிப்பும் அதோடு நடக்கட்டும். கணக்கு ஒருவரிடம், பணம் இன்னொருவரிடம், திறப்பு மூன்றாமவரிடம் இருக்கட்டும்.

(இ) விட்டு வந்த காணிகளின் விபரக் கொப்பி ஒன்றை எழுதுங்கள். முதியவர்களை இருத்திக் கேளுங்கள்: வடக்கே யாருடைய காணி, கிழக்கே எந்த வாய்க்கால், கிணறு எவ்விடத்தில், எல்லைப் பனை எத்தனை? அவர்கள் மறைந்தால் அந்தச் சாட்சியமும் மறைந்துவிடும். பத்திரப் பிரதிகளை இரண்டு வேறு இடங்களில் வையுங்கள்.

(ஈ) அலுவலகத்துக்குத் தனியே செல்பவரோடு இருவர் துணைக்குச் செல்லுங்கள். பேச வேண்டியவர் உரியவரே. துணைக்குப் போனவர்கள் திகதியையும், சந்தித்த அலுவலரின் பதவியையும், சொன்ன பதிலையும் எழுதிக்கொள்ளட்டும்.

(உ) ஆலயத்துக்குக் காணி இருந்தால், அதில் காணியற்ற குடும்பங்கள் ஒரு போகமாவது மரக்கறி செய்ய இடம் கொடுப்பதைப் பற்றிச் சபைக் கூட்டத்தில் தீர்மானியுங்கள். எழுத்தில் கொடுங்கள், இடைநடுவில் எழுப்பாதீர்கள்.

கலந்துரையாடலுக்கு

1. நாம் இப்போது வசிக்கும் இடத்தில் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத குடும்பம் எது? அவர்களை இந்தக் கூட்டத்துக்கு அழைத்தோமா?

2. எமது குழுவிலுள்ளவர்கள் மாதம் கட்டும் மொத்த வட்டி எவ்வளவு? கூட்டிப் பாருங்கள். அந்தப் பணம் எங்கே போகிறது?

3. நாபோத்தின் ஊர்ப் பெரியோரைப் போல, எமக்கு உண்மை தெரிந்தும் பேசாதிருக்கும் காணி விடயம் எமது அயலில் உண்டா?

4. கொடுப்பவருக்கு முன்னால் வாய் திறப்பது எமக்கு ஏன் கடினமாக இருக்கிறது? அதை எளிதாக்கச் சபை என்ன செய்யலாம்?

முடிவில் ஐந்து வேலைகளில் ஒன்றை மட்டும் தெரிவு செய்யுங்கள். அதை யார், எந்தத் திகதிக்கு முன் செய்வார் என்று எழுதிவைத்து, சேர்ந்து செபித்துக் கலையுங்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் வாசிக்க வேண்டியது அந்தக் குறிப்பையே.